உப்புத் தண்ணீர் வாளியும் நெஞ்சில் ஒட்டும் பொட்டும்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் சரி, மூணாறு மலையிலும் சரி, நெஞ்சு வலித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று தேங்காய் எண்ணெயோ தைலமோ தேய்ப்பவர்கள் இன்றும் உண்டு. வலி அடங்காதபோதுதான் ஜீப்பைக் கூப்பிடுவார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ ஓடுவார். மலைக்காரர் போடிமெட்டு இறங்கித் தேனிக்கு. அங்கே இசிஜி எடுக்க வரும் நர்ஸுக்கு முதல் எதிரி அந்த எண்ணெய். நெஞ்சில் ஒட்டும் மின்முனைப் பொட்டு ஒட்டாது, ஒட்டினாலும் இசிஜி கோடு ஆடும்.

ஏன் ஆடுகிறது என்று கேட்டால், கதையை ஒரு வாளியிலிருந்து தொடங்க வேண்டும்.

1887-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், உடலைத் திறக்காமலேயே மனித இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்தார். அவருடைய புல்டாக் ஜிம்மியும் உப்புநீர்ப் பாத்திரங்களில் கால் வைத்து நின்று சபையோருக்குத் தன் இதயத்தைக் காட்டியது. 1909-இல் அதைக் கொடுமை என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார்கள். கடலில் கால் நனைத்துப் பார்த்தால் தெரியும் என்கிற தோரணையில் அமைச்சர் பதில் சொன்னார்!

பிறகு வந்தவர் வில்லெம் எய்ந்தோவன், ஜாவாவின் செமாராங்கில் பிறந்த டச்சுக்காரர். லைடனில் அவர் அமைத்த இசிஜி கருவி ஏறக்குறைய 270 கிலோ; இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்து உட்கார்ந்திருப்பார். 1924-இல் நோபல் பரிசு வந்தது. வாளிகள் போய்விட்டன, ஆனால் கிளிப்புகள் இன்றும் அதே இடங்களில் மாட்டப்படுகின்றன. வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை. வலது காலின் கறுப்பு பின்னால் வந்தது. மின் இரைச்சலை அடக்குவது அதன் வேலை.

உடம்புக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை உப்பின் அயனிகள், கம்பிக்குள் எலக்ட்ரான்கள். ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்குச் சரக்கை மாற்றுவதுபோல இடையில் ஒரு கைமாற்றம் நடந்தாக வேண்டும். வாளித் தண்ணீர் அதைத்தான் செய்தது. பிறகு உப்பு நனைத்த துணி, வழியாத உப்புநீரான ஜெல், நெஞ்சைக் கவ்வும் ரப்பர் கப். 1960-களுக்குப் பின் வெள்ளியும் வெள்ளி குளோரைடும் பூசிய ஒட்டுப்பொட்டு பரவியது. வாளி ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கிவிட்டது, அவ்வளவே.

அதனால்தான் எண்ணெயைத் துடைத்து, முடியை மழித்து, உலர்ந்த பஞ்சுத்துணியால் லேசாகத் தேய்க்கிறார்கள். ஜெல் காய்ந்த பொட்டு வெறும் ஸ்டிக்கர். புண்ணின் மேல் ஒட்டக் கூடாது. நாள்கணக்கில் மானிட்டரில் இருப்பவருக்குப் பொட்டை மாற்றும்போது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நெஞ்சுப் பொட்டுகளை ஒட்ட விலா எலும்புகளை எண்ணுவது முக்கியம். மார்பெலும்பில் தடவினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து இறங்கி எண்ணினால் நான்காவது இடைவெளி; முதல் இரண்டு பொட்டுகள் மார்பெலும்பின் இருபுறமும் அங்கேதான். எண்ணாமல் கண்ணளவில் மேலே ஒட்டினால், வராத மாரடைப்பைக் காகிதம் வரவழைத்துவிடலாம். பெண்களுக்குச் சங்கடம் என்று மார்பகத்துக்கு மேலேயே ஒட்டிவிடுவதும் இந்தத் தவறுதான். ஒரு போர்வையும் இரண்டு நிமிடப் பொறுமையும் போதும்.

கம்பியின் மறுமுனைக்கும் ஒரு கதை உண்டு, அது கசப்பானது. முன்பு அந்த முனையில் திறந்த உலோக ஊசி இருந்தது. அமெரிக்காவில் அது தவறுதலாக மின்கம்பியோடு இணைந்து குழந்தைகள் இறந்தார்கள். 1997-இல் அங்கே விதி வந்தது: ஊசி வெளியே தெரியக் கூடாது. இன்று முனை பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதன் காரணம் அது.

டிசம்பரில் மூணாற்றில் எல்லாம் சரியாக ஒட்டிய பிறகும் கோடு நடுங்கும். குளிரில் உதறும் தசைகளுக்கும் மின்சாரம் உண்டு. அதையும் கருவி சேர்த்து எழுதிவிடும். நர்ஸ் பொட்டைத் தொடமாட்டார். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, “கையக் கால லூசா விடுங்க பாட்டி” என்பார்.