ஆரை என்பு முறிவும் தமிழில் இரண வைத்தியமும்

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற வன்னிக் குளக்கிராமங்களில், மாரியில் வழுக்கும் வயல்வரம்பிலே கையூன்றி விழுதல் புதுமையன்று. விழுந்தவரின் மணிக்கட்டு, பக்கவாட்டில் நோக்குமிடத்து, கவிழ்த்து வைத்த முட்கரண்டியைப் போல் வளைந்திருப்பின், முறிந்தது பெரும்பாலும் ஆரை என்பின் கீழ்முனையே. “கை பிசகிவிட்டது” என்பர் வீட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய இரண வைத்தியருட் பெரும்பாலோரும் இதனை மூட்டு விலகலென்றே கருதினர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

முன்கையில் என்புகள் இரண்டு. அரந்தி, பிணைச்சலிட்ட கதவு போல முழங்கையில் மடங்கி நிமிரும். ஆரையின் வட்டத் தலையோ ஒரு நார்வளையத்தினுள் நின்று சுழல, அதன் கீழ்முனை அரந்தியைச் சுற்றி வரும். ஏந்திய உள்ளங்கை கவிழ்வது இதனாலேயே. ஆரை என்னும் பெயர் சக்கரத்தின் ஆரக்காலை நினைவூட்டுவது. இலத்தீன் பெயருக்கும் அதுவே பொருள். மணிக்கட்டிலிருந்து ஏறும் சுமையை ஐந்து பங்காக்கின், ஏறக்குறைய நான்கு பங்கை ஆரையே தாங்குகிறது. ஊன்றிய கையில் அது முதலில் முறிவதற்குக் காரணம் இதுவாம். அன்றியும், ஆரையின் தண்டு வில்போற் சற்றே வளைந்தது. தண்டு முறிந்து பொருந்துங்கால் அவ்வளைவு கெட்டுவிடின் கை புரளாது. சோற்றை ஏந்தவோ நாற்றுமுடியைப் புரட்டவோ இயலாத கை, என்பு ஒட்டியும் உழவனுக்குப் பயன்படாத கையே.

டப்ளின் நகரத்து ஏபிரகாம் கொலிஸ் 1814இல் எழுதிய சிறு கட்டுரையே மேற்கூறிய மயக்கத்தைத் தெளிவித்தது. றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். எனவே கொலிசுக்கு வாய்த்த கருவி அவர் விரல்களே. கையைப் பற்றி இழுத்தார், வளைவு நிமிர்ந்தது. விட்டார்; மீண்டும் வளைந்தது. மூட்டு விலகலாயின், இருப்பிடஞ் சேர்ந்தபின் பெரும்பாலும் அங்கேயே நிற்குமன்றோ? முறிவிடம் மணிக்கட்டு முனைக்கு ஏறத்தாழ 1½ அங்குலம் மேலே உள்ளதென்றும் அவர் குறித்தார்.

நம் முறிவு நெரிவு வைத்தியரும் விரலால் தடவியே முறிவை அறிந்து, இழுத்துப் பொருத்தி, எண்ணெயிட்டு, மட்டை வைத்துக் கட்டுவர். கைத்திறனில் அவரைக் குறைத்து மதிப்பது கற்றோர் செருக்கேயன்றி வேறன்று. ஆயினும், கொலிஸ் தாம் உணர்ந்ததை எழுதிப் பொதுவாக்கினார். பரியாரியாரின் அறிவோ பெரும்பாலும் குடும்பத்தினுள்ளேயே நின்றது.

அவ்வாறு எழுதப்பட்ட இரண வைத்தியம் தமிழுக்கு வரப் பெரிதுங் காலஞ் செல்லவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவரைப் பயிற்றினார்; தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். துருவிற் என்பாரின் நூலைத் தழுவிய ‘இரணவைத்தியம்’ 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. வடசொற் செறிந்த அவர் கலைச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. அஃது இயல்பே, பாடசாலை நூல்களில் ஆரையும் அரந்தியும் வேரூன்றிவிட்டன.

வருந்தற்குரியது பிறிதொன்று. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. இறுகிய கட்டினாற் குருதியோட்டம் தடைப்பட்டு, முன்கைத் தசைகள் மடிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மானியரான வொல்க்மன் 1881இல் விளக்கினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சான ‘இரணவைத்திய’த்தில் அவ்விளக்கம் இடம்பெற்றிருக்க இயலாது. கட்டியபின் விரல் வெளிறினாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது பொறுக்கவொண்ணா வலி எழுந்தாலோ, கட்டை உடனே தளர்த்தி ஆசுபத்திரிக்கு விரைதல் வேண்டும். பரியாரியார்க்கு மிகவும் வேண்டியிருந்த இவ்வறிவு, அவர் படிக்கக்கூடிய மொழியில் கற்பிக்கும் பள்ளியொன்று இல்லாதொழிந்த பின்னரே உலகில் வெளிப்பட்டது.