ஸ்கடர் என்னும் பெயரும் மதுரைத் திருச்சபையும்

அமெரிக்காவில் முதற் குடியேறிகளின் வழிவந்தோர் தம் குலமுறையை நூலாக எழுதி வைப்பதில் பேரார்வம் உடையவர்கள். ஸ்கடர் குடும்பமும் அத்தகையதே. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து தாமஸ் ஸ்கடர் என்பார் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகருக்குக் குடிபெயர்ந்தார் (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரளவிலேயே உறவு). அவர் சந்ததியார் லாங் தீவிலும் பின்னர் நியூ ஜெர்சியிலும் பரவினர். நியூ ஜெர்சி, லெனாபே என்னும் தொல்குடியினரின் நிலம். குலமுறை நூலின் கிளைகளுக்குள் அவர்களுக்கு இடமில்லை.

அக்குலத்தில் 1793இல் பிறந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819இல் நியூயார்க்கைத் துறந்து இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும், 1836 முதல் சென்னையிலும் பணியாற்றியபின், 1847இல் மதுரை மிஷனின் மருத்துவத் தேவைக்காக இங்கு வந்தார். அவ்வாண்டு சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று மிஷன் உறுதியாகத் தீர்மானித்ததால் சபைகள் கலங்கின. விலக்கப்பட்டவர்களுள் உபதேசியார்களும் இருந்தனர். மருத்துவரின் வருகையைப் போற்றும் நாம் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அதே ஆண்டில் மதுரைக்கு வந்தவர் ஜான் எடி சாண்ட்லர். 1849இல் பிறந்த தம் மகனுக்கு அவர் ஜான் ஸ்கடர் என்று பெயரிட்டார். இரத்த உறவின்றியே குலப்பெயர் ஒன்று மதுரையில் வேர்கொண்டது! இந்த மகனே 1913இல் தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியரானார், மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் உடனிருந்து உழைத்தனர்.

ஸ்கடரின் புதல்வர் எழுவர் இந்தியாவில் ஊழியம் செய்தனர். 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவியவர்களும் அவர்களே. வேலூர் மருத்துவர் ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. இக்குடும்பத்தார் அனைவரின் ஊழிய ஆண்டுகளையும் கூட்டி, ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கிடுவோர் உண்டு. கணக்கு மெய்யே ஆகலாம். ஆயினும் அது பாதிக் கணக்கு. மூன்று நான்கு தலைமுறையாக உபதேசியார்களையும் போதகர்களையும் தந்த நம் குடும்பங்களுக்கு அவ்வாறு கூட்டிப் பார்த்தவர் யார்?

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1834இல் மதுரை மிஷன் தொடங்கியபோது, முதல் அமெரிக்கருடன் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளரும் வந்தனர். யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிப் பள்ளிகளில் நன்கொடை அளித்த அமெரிக்கரின் பெயர்களையே தமிழ்ச் சிறுவர்க்கு இடும் வழக்கம் இருந்தது. ஆகவே பழைய அறிக்கைகளில் ஆங்கிலப் பெயர் கண்டவுடன் அவரை வெள்ளையர் எனக் கொள்ளுதல் பிழை. நம் சபைகளிலும் ஞானஸ்நானத்தின்போது வேதப் பெயர் பெற்றவரின் முன்னோர் தொடர்பு அறுபட்டிருக்கலாம். தந்தையின் பழம்பெயரைக் குறித்துள்ள பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவை கரையானுக்கு இரையாகுமுன் படியெடுக்கப்படல் வேண்டும். இறையியல் மாணவர் ஒருவர் விடுமுறையில் தம் சொந்தச் சபையிலேயே இப்பணியைத் தொடங்கலாம்.