நினைவு நிலமான வரலாறு: பிரேசிலில் கொல்லப்பட்ட காட்டு, நில உரிமைப் போராளிகளுக்கான அஞ்சலி

2013 டிசம்பரில் பிரேசில் இயற்றிய 12,892ஆம் எண் சட்டம் சிக்கோ மெண்டிஸை அந்நாட்டுச் சுற்றுச்சூழலின் புரவலராக அறிவித்தது. அதற்குச் சரியாகக் கால் நூற்றாண்டு முன்பு, 1988 டிசம்பர் 22 அன்று, பொலிவிய எல்லையை ஒட்டிய ஆக்ரே மாநிலத்தின் ஷப்புரி என்ற சிற்றூரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு அனுப்பியிருந்த காவலர் இருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தனர். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, குளிப்பதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்தவரின் மார்பில் வேட்டைத் துப்பாக்கியின் குண்டுகள் பாய்ந்தன. அப்போது அவருக்கு வயது 44.

உயிரோடு இருந்தபோது காப்பாற்றாத அரசு, இறந்த பிறகு ஒருவரைப் புரவலராக்கியது எப்படி நிகழ்ந்தது? மெண்டிஸின் மரணத்துக்கு உலகப் பத்திரிகைகள் தந்த கவனத்தை விடையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் உயிர் விட்டோரை நினைவுகூரும் வழக்கம் பிரேசிலில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேர்விட்டிருந்தது. சிலுவை, பதிவேடு, பேரணி, நினைவுச்சின்னம், சட்டம் என்று அது பல வடிவம் எடுத்தது. இவற்றுள் ஒரு வடிவம் மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது: இறந்தவர் கேட்ட நிலத்தையே அவருடைய நினைவாக வரையறுத்துக் கொடுப்பது. அந்த வடிவத்தின் தோற்றத்தையும் இன்றைய நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிலுவையும் பதிவேடும்

1976 அக்டோபர் 11 அன்று மாத்தோ குரோசோ மாநிலத்தில், இன்று ரிபெய்ராவ் காஸ்கல்யேய்ரா எனப்படும் ஊரின் காவல் நிலையத்தில் இரண்டு ஏழைப் பெண்கள் சித்திரவதை செய்யப்பட்டுக்கொண்டிருந்தனர். அதைத் தடுத்துக் கேட்க ஆயர் பெத்ரோ கசல்தாலிகாவும் இயேசு சபைப் பாதிரியார் ஜொவாவ் போஸ்கோ பெனீதோ பூர்னியேவும் சென்றார்கள். பாதிரியார் தலையில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். ஏழாம் நாள் வழிபாடு முடிந்ததும் ஊர் மக்கள் அந்தச் சிறையை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்விடத்தில் ஒரு சிலுவையை நட்டனர். 1986இல் அதே ஊரில் தியாகிகளுக்கான திருத்தலம் ஒன்று எழுந்தது. நிலத்துக்காக உயிர்நீத்த உழவர், பழங்குடியினர், துறவியர் ஆகியோரின் படங்களைச் சுமந்து மக்கள் அங்கே நடைப்பயணமாக வருகிறார்கள். இராணுவ ஆட்சி கோலோச்சிய காலத்தில், சிறையை இடித்து அங்கே சிலுவையை நடுவது சாதாரணத் துணிச்சல் அல்ல.

கசல்தாலிகா போன்றோர் முன்னின்று 1975இல் தொடங்கிய 'நிலத்துக்கான மேய்ப்புப்பணி ஆணையம்' செய்த காரியம் இன்னும் ஆழமானது. 1985 முதல் ஆண்டுதோறும் நாட்டுப்புற மோதல்களின் பதிவேட்டை அது வெளியிட்டு வருகிறது. யார் கொல்லப்பட்டார், எந்த ஊரில், எந்த நிலத் தகராறில் என்ற விவரங்கள் அதில் உண்டு. காவல் நிலையத்தில் குடிகாரச் சண்டை என்றோ சொந்தப் பகை என்றோ எழுதி மூடப்பட்ட கொலைகள், இந்தப் பதிவேட்டில் நிலத்துக்கான கொலைகளாகத் தம் உண்மையான பெயரைப் பெற்றன. உலக அளவில் இதே வேலையைப் பின்னாளில் மேற்கொண்ட குளோபல் விட்னஸ் அமைப்பு, 2012 முதல் 2023 வரை 2,106 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு தலைமுறை முந்தியது பிரேசில் பதிவேடு. பெயர் எழுதி வைப்பதே முதல் மரியாதை என்பதை அதன் ஆசிரியர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்நாளில் அஞ்சலி செலுத்துவதே குற்றமாகவும் கருதப்பட்டது. 1980 ஜூலை 21 அன்று ஆக்ரேயின் ப்ரசிலேயா ஊர்த் தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்யேரோ சங்க அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். ஒரு வாரத்துக்குள் நடந்த கண்டனக் கூட்டத்தில் சிக்கோ மெண்டிஸும், பின்னாளில் குடியரசுத் தலைவரான லூலாவும் பேசினார்கள். கூட்டத்துக்குப் பின் ஒரு பண்ணை மேலாளர் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, பேசியவர்கள்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. பின்னரே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். பின்யேரோ கொலைக்கு எவரும் தண்டனை பெறவில்லை.

1983 ஆகஸ்ட் 12 அன்று பராயீபா மாநிலத்தின் அலகோவா கிராந்தேயில் மார்கரீதா ஆல்வெஸ் தன் வீட்டு வாசலில் கணவர், மகன் கண்ணெதிரே சுடப்பட்டார். கரும்பு ஆலை முதலாளிகள்மீது கூலிக்காகவும் விடுமுறைக்காகவும் எட்டு மணி நேர வேலைக்காகவும் எழுபதுக்கு மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்த சங்கத் தலைவி அவர். அந்தக் கொலைக்கும் தண்டனை இல்லை. 2000ஆம் ஆண்டு முதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உழைக்கும் நாட்டுப்புறப் பெண்கள் அவர் பெயரால் தலைநகர் பிரசீலியாவில் பேரணி நடத்துகிறார்கள். அழுதுவிட்டுக் கலையும் கூட்டம் அல்ல அது. கோரிக்கைப் பட்டியலை அரசின் கையில் கொடுத்துப் பதில் கேட்கும் கூட்டம்.

பால்மரக் காட்டின் கேள்வி

சிக்கோ மெண்டிஸ் எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை அறிய ரப்பர் மரத்தின் கதைக்குப் போக வேண்டும். தமிழர்களுக்கு அந்நியமான கதை அல்ல அது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றன. மலாயாவில் காட்டை அழித்து வரிசை வரிசையாக நட்ட பால்மரங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்ததும் 1910களில் அமேசான் ரப்பர் வாணிபம் சரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபோது நேச நாடுகள் மறுபடியும் அமேசானை நாடின. வறட்சி வாட்டிய வடகிழக்கு பிரேசிலிலிருந்து பல்லாயிரம் பேர் 'ரப்பர்ப் படைவீரர்கள்' என்ற பெயரில் காட்டுக்குள் அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்ததும் அவர்களை அரசு மறந்தது.

ஒரே மரம்தான், ஆனால் இரு நிலங்களிலும் இரு வேறு வாழ்க்கை. அமேசானில் ரப்பரை நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் தோப்பையே அழித்துவிடும். ஹென்றி ஃபோர்டு தபஜோஸ் ஆற்றங்கரையில் கோடிகளைக் கொட்டியும் தோற்றது இதனால்தான். அங்கே பால்மரம் காட்டுக்குள் மற்ற மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளித்தான் வாழும். விடியுமுன் விளக்கோடு கிளம்பி, மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைக் கீறி, கிண்ணம் கட்டி, திரும்ப வந்து பாலைச் சேர்ப்பவருக்குக் காடு முழுவதும் வேண்டும். நடுவில் நூறு ஏக்கர் அழிந்தால் அவருடைய பிழைப்பும் அழியும். இயற்கை மீதான அன்பு என்ற சொல்லால் மட்டும் இதை விளக்க முடியாது. அது சோற்றுக் கணக்கு. சுற்றுச்சூழல் போராட்டமும் கூலிப் போராட்டமும் அங்கே ஒன்றாக இருந்தது இதனால்தான்.

1970களில் இராணுவ அரசு மாட்டுப் பண்ணைகளுக்கு வரிச்சலுகையும் மலிவுக் கடனும் கொடுத்தது. தென்மாநில முதலாளிகள் காட்டை வாங்கி எரித்துப் புல்வெளி ஆக்கத் தொடங்கினார்கள். பால் வெட்டும் குடும்பங்கள் அதை எதிர்த்துக் கண்டெடுத்த முறை 'எம்பாட்டெ'. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக மரம் வெட்டும் முகாமுக்கு நடந்து சென்று வழிமறிப்பார்கள், ரம்பம் பிடித்திருக்கும் கூலியாட்களிடம் பேசித் திருப்பி அனுப்புவார்கள், முகாமைக் கலைப்பார்கள். ஒன்பது, பத்து வயதிலேயே பால் வெட்டத் தொடங்கி, பதினெட்டு வயது வாக்கில் ஒரு தலைமறைவுக் கம்யூனிஸ்டிடம் எழுத்தறிந்த மெண்டிஸ், இப்போராட்டங்களில் தலைவரானார்.

மறித்துக்கொண்டே இருந்தால் மட்டும் காடு தங்காது என்பதை இவர்கள் உணர்ந்தார்கள். 1985 அக்டோபரில் பிரசீலியாவில் கூடிய பால்வெட்டுத் தொழிலாளர் மாநாடு ஒரு புதிய கோரிக்கையை வைத்தது. தனி ஆளுக்குப் பட்டா வேண்டாம். நிலம் அரசின் உடைமையாக இருக்கட்டும். பயன்படுத்தும் உரிமை அங்கே வாழும் குடும்பங்களுக்குக் கூட்டாக இருக்கட்டும். மரத்தை வெட்டாமல் அதன் பயனை எடுத்து வாழ்வோம். 'விளைபொருள் சேகரிப்புக் காப்பகம்' என்று பெயரிடப்பட்ட இந்த யோசனை, ஆளில்லாத வனப்பூங்கா என்ற பழைய கருத்தையும் நிலத்தைத் துண்டு போடும் நிலச்சீர்திருத்தத்தையும் ஒருசேரத் தாண்டியது. என் மதிப்பீட்டில், இருபதாம் நூற்றாண்டில் ஏழைகள் ஆக்கிய மிகச் சிறந்த சட்டக் கருத்துகளில் ஒன்று இது. 1988இல் கஷ்வேய்ரா என்ற காட்டை வெட்டவிடாமல் மெண்டிஸ் தடுத்தார். அதை விலைக்கு வாங்கியிருந்த பண்ணையாரின் ஏற்பாட்டில் அவ்வாண்டின் இறுதியில் கொலை நடந்தது.

ஆணையாக மாறிய அஞ்சலி

கிறிஸ்துமஸ் நாளில் ஷப்புரியில் அவரை அடக்கம் செய்தார்கள். 1990 மார்ச் 12 அன்று 99,144ஆம் எண் ஆணை, ஏறத்தாழ 9,70,000 ஹெக்டேர் காட்டைச் 'சிக்கோ மெண்டிஸ் விளைபொருள் சேகரிப்புக் காப்பகம்' என்று அறிவித்தது. 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம் இக்காப்பக முறையைப் பிரேசில் முழுமைக்கும் நிலையான வகையாக்கியது. மெண்டிஸ் மாநாட்டில் கேட்டதும் அரசு ஆணையில் எழுதியதும் ஒன்றாக இருந்தன.

இதே வழியில் இன்னொரு நிகழ்வும் உண்டு. 2005 பிப்ரவரி 12 அன்று பாரா மாநிலத்தின் அனாப்புவில், நிலமற்ற குடும்பங்களோடு உழைத்த 73 வயதுத் துறவி டாரதி ஸ்டாங் காட்டுப் பாதையில் சுடப்பட்டார். ஐந்து நாளுக்குள் அரசு தெர்ரா தோ மெயோ பகுதியில் 33 இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டைச் சூழலியல் நிலையமாக அறிவித்தது. கோப்பு முன்பே தயாராக இருந்தது. கையெழுத்துக்கு ஒரு மரணம் தேவைப்பட்டது. இதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருப்பவரின் கோரிக்கைக்குச் செவிசாய்க்காத ஆட்சி, பிணத்தின் முன் மட்டும் பேனாவைத் திறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்லில் எழுப்பிய நினைவுகளின் விதி வேறு. 1996 ஏப்ரல் 17 அன்று எல்டொராடோ தோஸ் கராஜாஸில் நெடுஞ்சாலையை மறித்த நிலமற்ற உழவர்கள்மீது காவல்துறை சுட்டதில் 19 பேர் மாண்டனர். அவர்களுக்காகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நிமேயர் வடிவமைத்து மராபாவில் எழுப்பிய சின்னம் திறக்கப்பட்ட சில நாட்களிலேயே தகர்க்கப்பட்டது. பின்னர் கொலை நடந்த சாலை வளைவிலேயே, எரிந்துபோன 19 பிரேசில் கொட்டை மரங்களின் தண்டுகளை உழவர்கள் நிறுத்தி வைத்தார்கள். காட்டைக் கொன்றதும் உழவனைக் கொன்றதும் ஒரே கை என்று சொல்ல அதற்குமேல் கல்வெட்டு எதற்கு? உலக உழவர் இயக்கமான வியா கம்பெசினா ஏப்ரல் 17ஐ உழவர் போராட்ட நாளாகக் கடைப்பிடிக்கிறது. நிலமற்றோர் இயக்கத்தின் கூட்டங்களில் மாண்டவர் பெயரை ஒருவர் வாசிக்க, 'இங்கே இருக்கிறார்' என்று கூட்டம் குரல் கொடுக்கும்.

மரியாதைக்கு எதிரான குரலும் இந்த வரலாற்றின் பகுதியே. 2011 மே 24 அன்று பாரா மாநிலத்தின் நோவா இபிஷூனாவில் ஜோசே கிளாவ்தியோ, மரியா தம்பதியர் கொல்லப்பட்டார்கள். தன் தலையில் எந்நேரமும் குண்டு பாயலாம் என்று ஆறு மாதம் முன்பே மேடையில் சொன்னவர் ஜோசே கிளாவ்தியோ. வனச் சட்டத்தைத் தளர்த்தும் வாக்கெடுப்புக்காக அன்று நாடாளுமன்றம் கூடியிருந்தது. கொலைச் செய்தி அவையில் அறிவிக்கப்பட்டபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை அத்தம்பதியருக்கு வன நாயகர் சிறப்பு விருதை வழங்கியது. வெளியுலகம் மாலை போட்ட அதே காலத்தில் உள்நாட்டில் பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு இப்படித்தான் இருந்தது.

மெண்டிஸைக் கொன்ற பண்ணையாரும் அவர் மகனும் 1990இல் தலா 19 ஆண்டுத் தண்டனை பெற்றார்கள். 1993இல் இருவரும் சிறையிலிருந்து தப்பினார்கள். 1996இல்தான் மீண்டும் பிடிபட்டார்கள். மறுபுறம் மெண்டிஸுக்குப் பட்டங்கள் குவிந்தன: 2004இல் தேசிய நாயகர்களின் ஏட்டில் பெயர், 2007இல் அவர் பெயரால் மத்திய அரசின் பல்லுயிர்ப் பாதுகாப்பு நிறுவனம், 2008இல் அரசின் மன்னிப்பு, 2013இல் புரவலர் சட்டம்.

ஆனால் காப்பகத்துக்குள் நடப்பது வேறு. ரப்பருக்கான அரசு விலை ஆதரவு நின்றுபோக, பால் வெட்டிப் பிழைக்க முடியாத குடும்பங்கள் மாடு வளர்க்கத் தொடங்கின. ஆக்ரே மாநில அரசு 1999இல் சிக்கோ மெண்டிஸ் பெயரிலேயே சட்டம் இயற்றி ரப்பருக்கு மானியம் கொடுத்தது. 2008இல் ஷப்புரியில் காட்டு ரப்பரில் ஆணுறை தயாரிக்கும் ஆலையும் திறக்கப்பட்டது. மாட்டின் விலையோடு போட்டியிட இவை போதவில்லை. வெளியாட்கள் துண்டு துண்டாக நிலத்தை வாங்கிக் காட்டை அழித்தார்கள். அக்குடும்பங்களைக் குறை சொல்வது எளிது, நியாயம் அல்ல. காட்டைக் காப்பவர் வயிறு நிறைய வழி செய்வதுதான் 1985 கோரிக்கையின் மறுபாதி. அதை அரசு நிறைவேற்றவில்லை. 2019இல் காப்பகத்தின் எல்லையையே சுருக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது.

ஏட்டில் பெயரும் புரவலர் பட்டமும் மெண்டிஸ் கேட்டவை அல்ல. அவர் கேட்டது எல்லையோடு கூடிய காடும், அதில் வாழ்வோருக்குக் கட்டுபடியாகும் பால் விலையும். 2013 சட்டத்தை இயற்றிய அதே நாடாளுமன்றத்தில் 2019 மசோதாவும் வைக்கப்பட்டது. காப்பகத்தின் எல்லையைக் காத்துப் பால் விலையைத் திரும்பக் கொடுக்கும் வரை, பிரேசில் அரசு அவருக்குச் செலுத்திய மரியாதைகளில் 1990 மார்ச் 12 ஆணை ஒன்றே கணக்கில் கொள்ளத்தக்கது.