பழுது நீக்கும் உரிமை



தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் முற்காலத்தில் காயல் என்றொரு பெருந்துறை விளங்கியது. இன்றைய பழையகாயலும் காயல்பட்டினமும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிய கப்பல்கள் இங்கு வந்ததைக் குறித்திருக்கிறார்.

ஓர்முசுக் கப்பல்களைப் பற்றி அவர் மற்றொரு செய்தியும் கூறுகிறார். அவற்றில் இரும்பாணி இல்லை; பலகைகளைத் தென்னை நாரால் திரித்த கயிறு கொண்டு தைத்திருந்தனர். அவை உறுதியற்றவை என்பது அவர் கருத்து. அதனை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவற்றில் ஒரு நன்மை இருந்தது. தையல் தளர்ந்தால் மீண்டும் தைக்கலாம். வேண்டிய கயிறோ தென்னை வளரும் கரைகளிலெல்லாம் கிடைத்தது. கப்பலைக் கட்டியவன் பாரசீக வளைகுடாவில் இருந்தாலும், அதனைச் செப்பனிட அவன் அனுமதியை நாட வேண்டியதில்லை.

பின்னாளில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணிகளும், ஆணி அறைந்து கட்டியவையாயினும், இவ்வகையில் ஒத்தவையே. கெட்டுப்போன பலகையை ஓடாவி கழற்றுவார், புதுப்பலகை பொருத்துவார், இடுக்குகளில் நூலைத் திணித்துக் கலப்பற்றுச் செய்வார். தோணி மறுபடியும் கடலேறும். பொருளும் துறையில் இருந்தது. அறிவும் துறையில் இருந்தது.

இயந்திரங்களின் காலம் வந்தபோது இந்நிலைக்கு இடையூறு நேர்ந்தது. ஒரு பட்டறையில் செய்த திருகாணி மற்றொரு பட்டறையின் மரையில் பொருந்தவில்லை. 1841-இல் இங்கிலாந்தின் சோசப் விட்வொர்த் என்னும் பொறியறிஞர், திருகாணிகளின் புரிகளுக்கெல்லாம் ஒரே அளவு வகுக்க வேண்டுமென்றார். அவ்வளவு பரவியபின், எங்கோ செய்த பொறிக்கு எங்கோ செய்த திருகாணி பொருந்தலாயிற்று. உதிரிப் பாகம் என்பது ஒருவரது தனியுடைமையாக இராமல் பொதுவழக்காவதற்கு இத்தகைய ஏற்பாடுகளே அடிப்படை.

இக்கரையில் கொழும்பு வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் பழைய வால்வு வானொலிப் பெட்டியை அறிவார்கள். வால்வுகள் குழிகளிற் செருகப்பட்டிருக்கும். கையால் எடுத்து மாற்றலாம். இ.எல். 84 என்னும் எண்ணுடைய வால்வை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அக்குழியில் பொருந்தும். எந்த வால்வு எங்கே இருக்க வேண்டுமென்று காட்டும் படத்தாளைப் பல பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டியே விற்றார்கள். பழுது பார்ப்பவன் வருவான் என்பதை எதிர்பார்த்தே அப்பெட்டி செய்யப்பட்டது.

1947-இல் டிரான்சிஸ்டர் தோன்றியது. 1958-இல் பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் முறை தோன்றியது. கருவிகள் சிறுத்தன, விலையும் குறைந்தது. இது பெரும்பேறே. ஆனால் உறுப்புகள் நுண்ணியவாதல் வேறு. பெட்டியைத் திறக்க முடியாதபடி பசையிட்டு மூடுவது வேறு. முன்னது அறிவியலின் விளைவு. பின்னது செய்பவரின் விருப்பம். இன்று சில கைப்பேசிகளில் அசல் உறுப்பையே மாற்றினாலும், நிறுவனத்தின் மென்பொருள் அதனை ஏற்றுக்கொண்டாலன்றி அது செவ்வனே இயங்குவதில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓர் அச்சுப்பொறியின் சிறு பற்சக்கரம் தேய்ந்தது. அச்சக்கரம் மட்டும் தனியே விற்கப்படுவதில்லை என்றார்கள். பொறி முழுவதும் மூலைக்குப் போயிற்று.

உற்பத்தியாளர் கூறும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. லித்தியம் மின்கலத்தைத் தவறாகக் கையாண்டால் தீப்பற்றும். ஆனால் அபாயத்திற்கு மருந்து விளக்கநூலும் பயிற்சியுமே, பூட்டு அன்று.

இவ்வழக்கு நம் நாட்டிலும் எழுந்தது. மோட்டார்க் கார்களின் உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காதபடி செய்தமைக்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டை நாடின. 2022 சூலையில் மத்திய நுகர்வோர் துறை, வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கையும் குறித்து ஆராய ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளமும் திறக்கப்பட்டது. பிரான்சு நாட்டில் 2021 முதல் கைப்பேசி உள்ளிட்ட சில பொருள்களுக்கு, எவ்வளவு எளிதில் திருத்தலாம் என்பதைக் காட்டும் மதிப்பெண் இடப்பட்டது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், குறிப்பிட்ட பொருள்களை உத்தரவாதக் காலம் கழிந்த பின்னும் உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்தித்தர வேண்டுமென விதித்தது.

இதில் பணம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. திருத்த இயலாத கருவி குப்பையாகிறது. அதன் ஈயமும் பாதரசமும் மண்ணைக் கெடுக்கின்றன. கடைத்தெருவில் சிறு மேசையிட்டு உழைக்கும் கைவினைஞரின் பிழைப்பும் அறிவும் அழிகின்றன. ஏழை மாணவன் ஒரு கண்ணாடித் திரை உடைந்தமையால் பாடத்தையே இழக்கிறான்.

ஆகவே மாணவர்களே, ஒரு கருவியை வாங்குமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள்: இதனைத் திறக்க இயலுமா? இதன் பாகம் தனியே கிடைக்குமா? எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? விலையைக் கேட்பதுபோலவே இவற்றையும் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், விற்பவர் விடை சொல்லியே ஆகவேண்டும். உங்களுள் எவரேனும் நாளை பொறியாளர் ஆனால், நீங்கள் அமைக்கும் பெட்டியின் உள்ளே ஒரு படத்தாளை ஒட்டிவையுங்கள்.