கணக்கியல் பட்டமும் தொழில்முறை உறுப்புரிமையும்

கணக்கியல் தொழில்முறை உறுப்புரிமை என்பது, கணக்கியல், தணிக்கை, அடக்கவிலைக் கணக்கு முதலிய துறைகளில் தேர்வும் பயிற்சியும் முடித்தவரை, சட்டத்தின்படி அமைந்த தொழில்முறை நிறுவனம் ஒன்று தன் பதிவேட்டில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு முதலிய கொங்கு நாட்டுப் பகுதிகளில் இவ்வுறுப்பினர் பொதுவாக "ஆடிட்டர்" என்று அழைக்கப்படுகிறார். பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் தொழில்முறை உறுப்புரிமையும் வெவ்வேறானவை. இந்தியாவில் எந்த வணிகவியல் பட்டமும் தானாகவே ஒருவரைப் பட்டயக் கணக்காளர் ஆக்குவதில்லை.

வரலாறு

கொங்கு நாட்டின் ஆலைகளிலும் மண்டிகளிலும் நெடுங்காலம் கணக்குப்பிள்ளைகளே வரவு செலவுகளை எழுதி வந்தனர். நிறுமங்கள் பெருகியபோது, கணக்கை எழுதுபவரும் அதைத் தணிக்கை செய்பவரும் வேறுவேறாக இருக்கவேண்டிய தேவை எழுந்தது. 1932 ஆம் ஆண்டின் விதிகளின்படி தகுதி பெற்றோர் "பதிவுபெற்ற கணக்காளர்" எனப்பட்டனர். சென்னையைச் சேர்ந்தவரும் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவருமான ஆர். சிவபோகம் 1933 இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார்.

பட்டயக் கணக்காளர்கள் சட்டம், 1949 இன்படி அவ்வாண்டு சூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம் அமைந்தது. இதன் தலைமையகம் புது தில்லியில் உள்ளது. தென்னிந்திய வட்டார மன்றம் சென்னையில் இயங்குகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் ஆகிய ஊர்களில் இதன் கிளைகள் உள்ளன. உறுப்பினர் அல்லாத ஒருவர் தம்மைப் பட்டயக் கணக்காளர் என்று கூறிக்கொள்வது இச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது. நிறுமச் சட்டம், 2013 இன்படி நிறுமங்களின் தணிக்கையாளராக அமர்வதற்கும் பட்டயக் கணக்காளராக இருத்தல் வேண்டும்.

பட்டங்களின் பெயர்களால் எழும் குழப்பம்

இப்பகுதிக் கல்லூரிகளில் பி. காம். பட்டம் பல பிரிவுகளாக வழங்கப்படுகிறது. அடைப்புக்குறிக்குள் உள்ள சுருக்கெழுத்துகள் மாணவரையும் பெற்றோரையும் பெரிதும் குழப்புகின்றன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

* பி. காம். (சி. ஏ.) – இங்கு "சி. ஏ." என்பது கணினிப் பயன்பாடு என்பதன் சுருக்கம். இதற்கும் பட்டயக் கணக்காளர் தகுதியான சி. ஏ.வுக்கும் தொடர்பில்லை.
* பி. காம். (பி. ஏ.) – தொழில்முறைக் கணக்கியல். பாடங்கள் பல சி. ஏ. தேர்வுப் பாடங்களை ஒட்டியுள்ளன. எனினும் இப்பட்டம் சி. ஏ. தேர்வுக்கு மாற்றாகாது.
* பி. காம். (சி. எசு.) – நிறுமச் செயலரியல். இது நிறுமச் செயலாளர் என்னும் தொழில் தகுதி அன்று.

மூன்றாண்டுகள் பி. காம். (சி. ஏ.) படித்து முடித்தபின், தாம் இன்னும் சி. ஏ. தேர்வுக்குப் பதிவு செய்யவே இல்லை என்பதை உணரும் மாணவர் உண்டு. எனவே பட்டத்தின் முழுப்பெயரைச் சேர்க்கையின்போதே கேட்டறிதல் இன்றியமையாதது.

பல்கலைக்கழக ஏற்பும் தர மதிப்பீடும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1982 இல் நிறுவப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. அதற்கு முன் இவை சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. சேலம், நாமக்கல் பகுதிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின்கீழும், கரூர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழும் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வை நடத்தினாலும், பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகமே ஆகும்.

தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவை (நாக்) 1994 இல் பெங்களூரில் அமைந்தது. இது கல்லூரியின் பொதுவான தரத்தை மதிப்பிடுகிறது. தனியொரு கணக்கியல் பட்டத்திற்குத் தொழில்முறை ஏற்பு அளிப்பதில்லை. பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம் நோக்குவது, பட்டத்தை வழங்கியது சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமா, பெற்ற மதிப்பெண் எவ்வளவு என்பவற்றையே. தொலைநிலைக் கல்வியாயின், அப்பாடத்தை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

சி. ஏ. படிப்பில் சேரும் வழிகள்

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

1. அடிப்படைத் தேர்வு வழி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் நான்கு தாள்கள் கொண்ட அடிப்படைத் தேர்வை எழுதி, இடைநிலைக்குச் செல்லலாம். இவ்வழியில் வருவோருக்குப் பட்டம் கட்டாயமில்லை.
2. நேரடி நுழைவு வழி: குறிப்பிட்ட கணக்கியல், சட்டப் பாடங்களைக் கொண்ட வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடும், பிற பட்டங்களில் 60 விழுக்காடும் பெற்றோர் அடிப்படைத் தேர்வின்றி இடைநிலையில் சேரலாம்.

முதல் வழி காலத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பட்டமின்றிச் சென்று, இறுதித் தேர்வில் தேறாமல் இடையில் நிற்பவரின் கையில் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மட்டுமே எஞ்சும். இதனாலேயே பலர் பட்டப்படிப்பையும் உடன் முடிக்கின்றனர்.

2023 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கல்வித் திட்டத்தின்படி இடைநிலையிலும் இறுதிநிலையிலும் இரு தொகுதிகளாக ஆறு தாள்கள் உள்ளன. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தொகுதியின் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெறவேண்டும். பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் பெறும் ஆர்ட்டிகிள்சிப் எனப்படும் செய்முறைப் பயிற்சி மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. இடைநிலையின் இரு தொகுதிகளிலும் தேறியபின் இப்பயிற்சி தொடங்கும். இது முழுநேரப் பயிற்சி ஆதலால், பகல்நேரக் கல்லூரியுடன் சேர்த்துச் செய்ய இயலாது.

பிற தொழில்முறை அமைப்புகள்

இந்திய அடக்கவிலைக் கணக்காளர்கள் நிறுவனம் 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது.  அடக்கவிலைப் பதிவேடுகளுக்கான விதிகள் துணித்தொழிலையும் உள்ளடக்குவதால், ஆலைகள் மிகுந்த கொங்கு நாட்டில் இத்தகுதிக்குத் தனி இடம் உண்டு. இந்திய நிறுமச் செயலாளர்கள் நிறுவனம் 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. இவ்விரு நிறுவனங்களுக்கும் கோவையில் கிளை அமைப்புகள் உள்ளன.

உறுப்புரிமை பெறாத வணிகவியல் பட்டதாரிகளும் கணக்கராகப் பணியாற்றலாம். உரிய பதிவுடன் சரக்கு மற்றும் சேவை வரி ஆலோசகராகவும் தொழில் செய்யலாம். ஆனால் நிறுமத் தணிக்கை அறிக்கையில் அவர்கள் கையொப்பமிட இயலாது.

வெளிநாட்டு அமைப்புகளின் ஏற்பு

பட்டத்தையே ஆராய்ந்து ஏற்பு அளிக்கும் வழக்கம் சில வெளிநாடுகளில் உண்டு. ஆத்திரேலியாவின் தொழில்முறை அமைப்புகள் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் குறிப்பிட்ட பட்டங்களை ஏற்று, அவற்றை முடித்தோரைத் தம் தொழில்முறைப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. 1904 இல் இலண்டனில் தோன்றிய ஏ. சி. சி. ஏ. அமைப்பு, ஏற்புப் பெற்ற பட்டங்களுக்கு ஒன்பது தாள்கள் வரை விலக்கு அளிக்கிறது. கோவைக் கல்லூரிகள் சிலவும் இதனுடன் இணைந்த பி. காம். பாடங்களை நடத்துகின்றன. ஏ. சி. சி. ஏ. உறுப்புரிமை பன்னாட்டு நிறுவனப் பணிகளுக்கு உதவும். எனினும் அது மட்டும் கொண்டு இந்தியாவில் நிறுமத் தணிக்கை செய்ய உரிமை இல்லை. இலங்கையில் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் தனியே தேர்வுகளை நடத்துகிறது.

பட்டத்தைத் தெரிவுசெய்வோர் கவனிக்க வேண்டியவை

* பட்டத்தின் முழுப்பெயர் என்ன? சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் வழங்கும்?
* பாடத்திட்டத்தில் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம் ஆகியவை போதிய அளவு உள்ளனவா?
* விலக்கு உண்டு என்று கூறப்பட்டால், எந்தத் தாள்களுக்கு, எந்தச் சேர்க்கை ஆண்டுக்கு என்பதைத் தொழில்முறை அமைப்பின் பட்டியலிலேயே சரிபார்த்தல்.
* கல்லூரிக் கட்டணத்தில் தொழில்முறை அமைப்பின் பதிவு, தேர்வுக் கட்டணங்கள் அடங்குமா?
* தொழில் செய்ய விரும்புவது இந்தியாவிலா, வெளிநாட்டிலா?

கடைசி வினாவின் விடையைப் பொறுத்தே சேரவேண்டிய அமைப்பும், அதற்கேற்ற பட்டமும் அமையும்.