நன்னூலும் கற்போர் எளிமையும்

தாராபுரத்திலிருந்து காங்கேயம் வழியே வடக்கு நோக்கிச் சென்றால் பெருந்துறையை அடுத்துச் சீனாபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. சனகாபுரம் என்பது அதன் பழம்பெயர் என்பர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் இதுவே எனக் கொங்கு நாட்டு மரபு கூறும். முனிவர் சமணர்; அவரை நூல்செய்யத் தூண்டியவன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன். ஆகவே கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அந்நூல் எழுந்தது எனலாம்.

அக்காலத்து மாணாக்கனின் இடர் பெரிது. தொல்காப்பியம் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. வழக்கு மாறியிருந்தது, பழைய விதிகளுட் பல புதிய சொற்களுக்குப் பொருந்தவில்லை. தொல்காப்பியர் எழுத்துக்கு ஒன்பது இயலும் சொல்லுக்கு ஒன்பது இயலும் வகுத்தார். பவணந்தியார் ஒவ்வொன்றையும் ஐந்தாகச் சுருக்கினார். சுருக்கியதோடு நில்லாமல், ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துக் காண்பதற்கென்றே பதவியல் என ஓர் இயலையும் புதிதாக அமைத்தார். பகுபத உறுப்புகளை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அம்முறையிலேயே கற்கின்றனர்.

நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் அவர் பாயிரத்தில் வரையறுத்தார். பத்துக் குற்றம், பத்து அழகு என்னும் பகுப்பு தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. குற்றங்களுள் முதலிரண்டைக் கருதுக: வேண்டியதற்குக் குறைவாகச் சொல்லுதல் ஒன்று, மிகையாகச் சொல்லுதல் மற்றொன்று. அழகுகளுள் முதலிரண்டும் அவ்வாறே: சுருக்கம் ஒன்று, தெளிவு மற்றொன்று. இவை ஒன்றையொன்று இழுக்கும் தன்மையின. எழுதுவோன் படும் பாடெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில்தான். பாடஞ்சொல்லும் ஆசிரியனுக்கும் அவர் விதி கூறினார்: கேட்பவன் எவ்வளவு கொள்வான் என்பதை அறிந்து, முகமலர்ச்சியோடு உரைத்தல் வேண்டும்.

ஆயினும் நன்னூல் தன் விதிக்குத் தானே முழுதும் அடங்கியதா என வினவுதல் தகும். விளங்கும் உதாரணம் வேண்டும் என்ற முனிவர், உதாரணங்களைப் பெரும்பாலும் உரைகாரர்க்கே விட்டுவிட்டார். பாயிரம் உட்பட 462 நூற்பாக்கள். மனப்பாடத்துக்கு எளியவை, பொருளுணர்வதற்கு அத்துணை எளியவை அல்ல. மயிலைநாதர் முதல் உரை கண்டார். பின்னர்ச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை வகுத்தார், சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளமாணவர்க்கெனக் காண்டிகையுரை எழுதினார். எளிமைக்கு விலையும் இருந்தது. எழுத்தும் சொல்லுமே நன்னூலில் உள்ளமையால், அதனோடு கல்வியை முடித்துக்கொண்டவர் பொருளிலக்கணத்தை அறியாது போயினர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைச் சி.வை. தாமோதரம் பிள்ளை நச்சினார்க்கினியர் பெயரிலான உரையோடு அச்சிற்கொணர்ந்தது 1885இல்தான்.

சீனாபுரத்திற்குத் தொலைவில் இல்லாத விசயமங்கலத்தை அடுத்த நிரம்பை, சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் ஊர். பவணந்தியார் சுருக்கி எளிமை கண்டார். இவரோ விரித்து எளிமை கண்டார். யாழும் கூத்தும் மேடையும் பற்றி அவர் தந்த விளக்கம் இல்லையேல் அரங்கேற்று காதை பெரும்பகுதி இருளாகவே இருந்திருக்கும். உ.வே. சாமிநாதையர் 1892இல் அவ்வுரையைப் பதிப்பித்தபோது கானல்வரிக்கும் வஞ்சிக் காண்டத்திற்கும் அது கிடைக்கவில்லை. அவ்விடங்களை வாசிப்போர் இன்றும் பழைய துணையாகக் கொள்ளத்தக்கது சுருங்கிய அரும்பதவுரை ஒன்றே.