நண்பர்களுக்காக எடுத்த படங்கள்

பயணம் சென்று திரும்புகிறவர் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைவது நம் வழக்கமன்று. திருத்தலம் சென்றவர் செபமாலையும் மந்திரித்த எண்ணெயும் கொண்டு வருவார். வெளியூர் சென்றவர் அவ்வூருக்குப் பேர்போன தின்பண்டத்தை வாங்கி வருவார். தான் கண்டு மகிழ்ந்ததில் ஒரு பங்கை உடன்வராதவர்க்கும் அளிக்க வேண்டும் என்னும் அன்பே இவ்வழக்கத்தின் வேர். அந்த அன்பின் கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய கருவி வந்து சேர்ந்தது. அதுவே எளிய நிழற்படக் கருவி.

அதற்கு முன்னும் பயணிகள் நிழற்படம் எடுத்ததுண்டு. ஆனால் கனத்த மரப்பெட்டியும், கண்ணாடித் தகடுகளும், வேதிப்பொருள்களும், அவற்றைச் சுமக்க ஆள்களும் வேண்டியிருந்தன. செல்வரும் அரசு அலுவலருமே அவ்வாறு செய்ய முடிந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன், நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளை உள்ளே வைத்து, 25 டாலர் விலையில் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். படங்களை எடுத்து முடித்தவர் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். படங்களும், புதுச்சுருள் பொருத்திய பெட்டியும் திரும்பி வரும். 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் காமிரா வெளிவந்தபோது, பள்ளிச் சிறுவரும் படம் எடுக்கத் தொடங்கினர். ஊர் சுற்றுவதும், படம் பிடிப்பதும், நண்பர்கள் கூடிப் பார்த்து மகிழ்வதும் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது.

பொழுதுபோக்கு என்றால் பொழுதை வீணாக்குவது என்று எண்ணுவோர் உண்டு. அத்தகையோர் அயர்லாந்து நாட்டு இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் பிரௌன் அடிகளாரின் வாழ்வை அறிந்துகொள்வது நன்று.

ஆயர் அளித்த பரிசு

பிரான்சிஸ் பிரௌன் 1880ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் அயர்லாந்தின் கார்க் நகரில் எட்டுப் பிள்ளைகளுள் இளையவராகப் பிறந்தார். அவர் பிறந்த சில நாள்களில் தாயார் இறந்தார். ஒன்பது வயதில் தந்தையும் கடலில் நீந்தும்போது மூழ்கி மறைந்தார். பெற்றோரை இழந்த சிறுவனைப் பேணும் பொறுப்பைச் சிற்றப்பா ராபர்ட் பிரௌன் ஏற்றார். இவரே பின்னர் குளொய்ன் மறைமாவட்டத்தின் ஆயரானவர்.

1897ஆம் ஆண்டில், இயேசு சபையின் நவதுறவகத்தில் சேருமுன், பிரான்சிஸ் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அப்போது சிற்றப்பா அவருக்கு ஒரு காமிராவைப் பரிசாக அளித்தார். துறவு வாழ்வுக்குள் நுழையும் இளைஞனுக்கு ஓர் ஆயர் அளிக்கும் பரிசு இதுவா என்று கேட்கத் தோன்றலாம். உலகைத் துறக்கப் போகிறவன் முதலில் உலகை அன்போடு உற்று நோக்கட்டும் என்று அப்பெரியவர் கருதினாரோ என்னவோ! அன்று தொடங்கிய பழக்கம் அறுபது ஆண்டுக் காலம் நீடித்தது. 1909இல் சிற்றப்பாவுடன் உரோமை சென்ற அவர், திருத்தந்தை பத்தாம் பத்திநாதரையும் படம் எடுக்கும் பேறு பெற்றார்.

துறவியான பின்னர் அவர் இக்கலையைத் தமக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1906ஆம் ஆண்டு முதல் டப்ளின் நகரின் பெல்வெடியர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, மாணவர்க்காக மிதிவண்டிக் குழு ஒன்றையும் நிழற்படக் குழு ஒன்றையும் தொடங்கினார். கல்லூரி ஆண்டு மலரையும் அவரே தோற்றுவித்தார். ஒருவர் கண்டதை ஒருவர்க்குக் காட்டி, ஒருவர் பிழையை ஒருவர் திருத்தி வளரும் கலை அது. தனித்திருந்து எடுத்தாலும் கூடியிருந்து பார்க்கும்போதே அதன் இன்பம் நிறைவு பெறுகிறது என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார்.

ஓர் இரவுப் பயணம்

1912ஆம் ஆண்டில் ஆயர் ராபர்ட் மற்றொரு பரிசு அளித்தார். புதிதாகக் கட்டப்பட்ட டைட்டானிக் கப்பலின் முதற் பயணத்தில், இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து பிரான்சின் செர்பூர் வழியாக அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் வரை செல்ல முதல் வகுப்புச் சீட்டு அது. குயின்ஸ்டவுன், ஆயரின் மறைமாவட்டத்தைச் சேர்ந்த துறைமுகம்; இன்று கோவ் என்று வழங்குகிறது. இறையியல் பயின்றுகொண்டிருந்த பிரௌன் அப்போது குருப்பட்டம் பெறவில்லை.

ஏப்ரல் 10ஆம் நாள் லண்டன் வாட்டர்லூ தொடர்வண்டி நிலையத்திலேயே அவர் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். கப்பலில் அவருடன் ஓடெல் குடும்பத்தாரும் இருந்தனர். அவர்களும் குயின்ஸ்டவுனில் இறங்க வேண்டியவர்களே. அவர்களிடமும் காமிரா இருந்தது. அவர்கள் எடுத்த படங்களும் அடிகளாரின் படங்களுமாகச் சேர்ந்தே அந்த ஓர் இரவுப் பயணத்தின் வரலாறு நமக்குக் கிட்டியிருக்கிறது.

அவர் எடுத்தவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேல்தளத்தில் பம்பரம் விட்டு விளையாடும் ஆறு வயதுச் சிறுவன். அவனைப் பார்த்து நிற்கும் தந்தை. காற்று வாங்க நடக்கும் பயணிகள். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். கப்பலின் மேலிருந்து கீழே எட்டிப் பார்க்கும் தலைவர் ஸ்மித். தாம் தங்கிய அறை. ஒன்றன்மேல் ஒன்றாக இரு படங்கள் பதிந்துவிட்ட கம்பியில்லாத் தந்தி அறை. கலைநோக்கில் குறையுடைய அப்படமே, நான்கு நாள்களுக்குப் பின் அபயக் குரல் எழுப்பிய அவ்வறைக்கு நம்மிடம் எஞ்சியுள்ள ஒரே சான்று. கப்பல் நிறுவனம் விளம்பரத்திற்காக எடுப்பித்த படங்களில் மண்டபங்களும் மாடிப்படிகளும் ஒளிரும், மனிதர் இரார். நண்பர்களுக்குக் காட்டவென்று படம் எடுக்கும் பயணியோ மனிதரையே நாடுகிறார். ஆகவேதான் அவர் படங்களில் உயிர் இருக்கிறது.

உணவு மேசையில் அறிமுகமான செல்வரான அமெரிக்கத் தம்பதியர், நியூயார்க் வரை தங்களோடு வருமாறும் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாகவும் அவரை வற்புறுத்தினர். அவர் சபையின் மாநிலத் தலைவருக்குத் தந்தி அடித்து அனுமதி கேட்டார். குயின்ஸ்டவுனில் பதில் காத்திருந்தது. அந்தக் கப்பலை விட்டு இறங்கு என்பதே அதன் முழுச் செய்தி. ஏப்ரல் 11ஆம் நாள் நண்பகல் கடந்து அவர் கரை சேர, கப்பல் மேற்கு நோக்கிச் சென்றது. அது விலகிச் செல்வதையும் படம் எடுத்தார். 14ஆம் நாள் இரவு பனிப்பாறையில் மோதி, 15ஆம் நாள் விடியுமுன் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கீழ்ப்படிதல் ஒருவன் உயிரைக் காத்த கதை என்று அவர் அத்தந்தியைப் பற்றிப் பின்னாளில் கூறுவதுண்டு.

இங்கு நாம் அவசரப்பட்டுப் பாடம் புகட்டிவிடக் கூடாது. அதே கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்னும் ஆங்கிலேயக் குரு தம் சகோதரரின் திருமணத்திற்காகச் சென்றுகொண்டிருந்தார். அவர் உயிர்காக்கும் படகில் ஏற மறுத்து, இறுதிவரை பயணிகளுக்குப் பாவமன்னிப்பு வழங்கி, அவர்களோடு செபமாலை சொல்லியபடியே உயிர் நீத்தார். லித்துவேனியக் குரு ஒருவரும், செருமானிய ஆசீர்வாதப்பர் சபைக் குரு ஒருவரும் அவ்வாறே மடிந்தனர். இறங்கியவரை மட்டும் இறைவன் காத்தார் என்றும், இறங்காதவரைக் கைவிட்டார் என்றும் எவரும் சொல்ல இயலாது. ஒருவர்க்குக் கீழ்ப்படிதல் கரையில் இருந்தது. மற்றவர்க்கு அது கப்பலிலேயே இருந்தது. கரை சேர்ந்தவர் கையில் இருந்தவை அந்த மனிதரின் முகங்கள். சில நாள்களில் அப்படங்கள் பல நாட்டு நாளிதழ்களின் முதற்பக்கங்களை நிறைத்தன.

உயிர் தப்பியோரை மீட்ட கார்பேத்தியா கப்பலிலும் இத்தகைய எளிய காமிராவே வரலாற்றைப் பதிவு செய்தது. பெர்னிஸ் பாமர் என்னும் கனடா நாட்டுப் பதினேழு வயதுப் பெண், தனக்குப் பரிசாக வந்த பிரௌனி காமிராவால், மீட்கப்பட்டோரையும் மிதந்துகொண்டிருந்த பனிப்பாறையையும் படம் எடுத்தாள்.

போர்முனையும் மறையுரை மேடையும்

1915ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், புனித இஞ்ஞாசியார் திருநாளன்று, ஆயர் ராபர்ட்டே தம் அண்ணன் மகனுக்குக் குருத்துவத் திருநிலை வழங்கினார். அடுத்த ஆண்டே புதிய குரு ஐரிஷ் காவற்படையின் ஆன்ம குருவாக முதல் உலகப் போர்க்களம் சென்றார். ஐந்து முறை காயமுற்றார்; நச்சுப்புகைக்கும் இரையானார். அவருடைய வீரத்திற்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் இரு முறை வழங்கப்பட்டது. அங்கும் காமிரா உடனிருந்தது. போர் முடிந்து படை செருமனியின் ரைன் நதிக்கரையில் தங்கியிருந்தபோது, தம் போர்க்காலப் படங்களைத் தொகுத்து, படிகள் எடுத்து, உடன் இருந்த படைத்தோழர்க்கு அளித்தார். அவர்களுக்கு அவை எத்தகைய காணிக்கை! திரும்பி வாராத தோழரை எண்ணி வாழ்நாளெல்லாம் புரட்டிப் பார்க்கத்தக்க ஏடு அது.

நச்சுப்புகையால் நலிந்த நுரையீரல் தேற, வெப்பமான நாடுகளுக்கு அவரை அனுப்பினர் மேலாளர்கள். 1924இல் தென்னாப்பிரிக்கா வழியாக ஆஸ்திரேலியா சென்று, 1925இல் திரும்புகையில் நம் அண்டை நாடாகிய இலங்கையிலும் கால் வைத்து, ஏடன், சூயெஸ் வழியாக ஐரோப்பா மீண்டார். நோயாளியின் ஓய்வுப் பயணமும் அவருக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பயணமாகவே அமைந்தது.

பின்னர் முப்பது ஆண்டுக் காலம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஊர் ஊராகச் சென்று தியானப் பிரசங்கம் செய்வதே அவர் பணியாயிற்று. மறையுரை பெரும்பாலும் மாலையில். பகலில் ஓய்ந்திருந்த நேரத்தைக் காமிரா எடுத்துக்கொண்டது. சந்தைகளும், மீனவர் குடிசைகளும், பள்ளிப் பிள்ளைகளும், தொழிற்சாலைகளும் அவருடைய சுருள்களில் பதிந்தன. டப்ளினில் நிழற்பட ஆர்வலர் நடத்திய கண்காட்சிகளில் முன்னின்று உழைத்தார். கோடக் நிறுவனம் அவருக்குப் படச்சுருளை இலவசமாக வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலிருந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் பழங்கோவில்களையும் அவர் படம் எடுத்தார். திருச்சபைகளிடையே ஒன்றிப்பு என்னும் சொல் பரவலாவதற்கு முன்பே நிகழ்ந்தது இது.

தகரப் பெட்டி

1960ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் அடிகளார் டப்ளினில் இறைவனடி சேர்ந்தார். துறவிக்கு வாரிசும் இல்லை, உடைமையும் இல்லை. ஏறத்தாழ 42,000 நெகட்டிவ்கள் ஒரு பெரிய உலோகப் பெட்டியில் அடைபட்டு, சபையின் ஆவணக் காப்பகத்தில் கால் நூற்றாண்டு உறங்கின. 1985ஆம் ஆண்டில் அதே சபையைச் சேர்ந்த எட்வர்ட் ஓ'டொனெல் அடிகளார் தற்செயலாக அப்பெட்டியைத் திறந்தார். பழைய நைட்ரேட் பிலிம் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும் தன்மையது, எளிதில் தீப்பற்றக்கூடியது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் பெரும்பகுதி அழிந்திருக்கும். வல்லுநர்கள் அவற்றைப் பாதுகாப்பான பிலிமுக்கு மாற்றினர். அதன்பின் நூல் நூலாக அவை வெளிவந்தன. டைட்டானிக் படங்களின் தொகுப்பு 1997இல் வந்தது.

அவற்றை மீட்டோர்க்குப் பேருதவியாக இருந்தது அடிகளாரின் ஒரு சிறு பழக்கம். இடம், நாள், பொருள் ஆகியவற்றை அவர் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பு இல்லையேல் அந்த 42,000 படங்களும் யாரோ, எங்கோ, என்றோ என்னும் ஊமைப் படங்களாகவே நின்றிருக்கும்.

நாம் சிந்திக்க வேண்டியது இங்கேதான். இன்று ஒவ்வொருவர் கைப்பேசியும் ஒரு காமிரா. வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ நண்பர்களோடு ஒருமுறை சென்று வந்தால் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்கின்றன. அவற்றுள் எத்தனையை மறுமுறை பார்க்கிறோம்? உடன்வர இயலாமல் வீட்டில் கிடந்த முதியவர்க்கு எத்தனையை அருகமர்ந்து காட்டுகிறோம்? கைப்பேசி பழுதானால் ஐந்தாண்டுக் காலமும் அதனோடு அழிகிறது. தகரப் பெட்டியாவது கால் நூற்றாண்டு தாங்கியது.

அந்தக் கப்பலில் பம்பரம் விட்ட சிறுவன் டக்ளஸ் ஸ்பெடன் பெற்றோரோடு உயிர் தப்பினான். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1915இல், தெருவில் வாகனம் மோதி இறந்தான். பெற்றோருக்கு அவன் ஒரே மகன். பிறர் பிள்ளையின் விளையாட்டைக் கண்டு ஒரு கணம் நின்ற பயணியால், அவன் இன்றும் அந்த மேல்தளத்தில் பம்பரம் சுழற்றிக்கொண்டிருக்கிறான். அத்தளத்தில் அவனருகே நடந்த வேறு எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

ஆகவே, அன்பர்களே, அடுத்த பயணத்தில் கோபுரத்தையும் கடலையும் படம் எடுப்பதோடு, உடன்வந்த நண்பரையும், தேநீர் ஆற்றித் தந்தவரையும், வழி சொன்ன சிறுவனையும் அவர்கள் ஒப்புதலோடு எடுங்கள். திரும்பி வந்ததும் நல்லவை பத்தைத் தெரிந்தெடுத்துத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதுங்கள். ஒரு படியை நீங்கள் வைத்துக்கொண்டு மறுபடியை நண்பருக்குக் கொடுங்கள். இருவர் வீட்டில் இருக்கும் படம் ஒருவர் வீட்டில் அழிந்தாலும் மற்றவர் வீட்டில் பிழைத்திருக்கும்.